மனசுக்கும் அதே டிஸ்பென்சரிதான் வேண்டும்



நமது தோட்ட டிஸ்பென்சரியில் காலையில் வரிசையில் நிற்கிறவர்கள் என்ன சொல்லி மருந்து கேட்கிறார்கள்? "தலை சுத்துதுங்க ஐயா." "நெஞ்சு படபடன்னு அடிக்குது." "ராத்திரி தூக்கமே வர்றதில்ல." "உடம்பெல்லாம் அசதியா கெடக்கு, மலைக்குப் போகவே முடியல." இப்படிச் சொல்கிறவர்களில் சிலருக்கு இரத்தக் குறைவு இருக்கும். சிலருக்குப் பிரஷர் இருக்கும். இன்னும் சிலருக்கு வருத்தம் மனசில் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் கிடைப்பது ஒன்றுதான்: பனடோலும் விட்டமின் குளிசையும். அடுத்த மாதம் அவர்கள் அதே வரிசையில் மறுபடி நிற்கிறார்கள்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். காய்ச்சலுக்கும் பிரஷருக்கும் போகிற அதே இடத்தில், அதே வரிசையில், அதே கிளினிக் கொப்பியோடு, மனநோய்க்கும் குடிப் பழக்கத்துக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும். அதற்கென்று தனிக் கட்டடம் தேவையில்லை. நோயாளியைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவவும் கூடாது. தோட்டச் சுகாதாரத்தை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று நமது சங்கம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மட்டக்களப்பில் நடந்தது

நாங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். சங்க வேலையும் செய்கிறோம். எங்களில் சிலருக்குச் சொந்த ஊர் பெரியகல்லாறு. விடுமுறைக்கு இங்கே வந்திருக்கும் நாட்களில் இதை எழுதுகிறோம். மலையகத்தில் இல்லாத ஒன்று இந்த மாவட்டத்தில் வந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்று நமது தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியகல்லாறு மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனைக்குப் போகிற வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது ஓடித் தப்ப இடம் குறைவாக இருந்த ஊர்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன்பே இந்த மாவட்டம் இருபது வருட யுத்தத்தைப் பார்த்திருந்தது. 1978 நவம்பரில் சூறாவளியையும் பார்த்திருந்தது. காணாமல் போனவர்களைத் தேடி அலைந்த தாய்மார், கணவனை இழந்த பெண்கள், சத்தம் கேட்டால் திடுக்கிடும் பிள்ளைகள் என்று வீட்டுக்கு வீடு கதை இருந்தது.

அந்த நாட்களில் இலங்கையில் மனநோய்க்குப் பெரிய வைத்தியசாலைகள் எல்லாம் கொழும்புக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அங்கொடை, முல்லேரியா, ஹெந்தளை என்ற மூன்று பெயர்கள்தான் ஊர்களில் தெரியும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போன பிறகு மாதக் கணக்காக, சிலர் வருடக் கணக்காக, அங்கேயே இருந்தார்கள். 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரே வசவுச் சொல்லாக மாறிவிட்டது. நமது லயங்களிலும் இன்றைக்கும் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள்.

மட்டக்களப்பில் யுத்த காலத்திலேயே வேறொரு வழி தொடங்கியது. மட்டக்களப்பு வைத்தியசாலையில் மனநல வைத்திய நிபுணராக இருந்த டொக்டர் மகேசன் கணேசனும் அவரோடு வேலை செய்தவர்களும், நோயாளியைத் தூரத்துக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, சேவையை ஊர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். பொது வைத்தியசாலைக்குள் மனநலப் பிரிவு, வெளியூர்களில் கிளினிக், ஊரிலிருந்தே பயிற்றப்பட்ட உதவியாளர்கள் என்று அந்த வேலை நடந்தது. சுனாமிக்குப் பிறகு உதவிப் பணமும் ஆட்களும் வந்தபோது, அதை எங்கே எப்படிப் போடுவது என்பதற்கு இந்த மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி தயாராக இருந்தது.

2005இல் நாட்டுக்கே ஒரு மனநலக் கொள்கை வந்தது. கொழும்பில் குவிந்திருக்கும் சேவையை மாவட்டங்களுக்குப் பிரிப்பதும், பெரிய மனநோய் வைத்தியசாலைகளை நம்பியிராமல் மக்கள் வாழும் இடத்திலேயே பராமரிப்பதும் அதன் அடிப்படை. மனநல நிபுணர்கள் போதாத நாடு என்பதால் சாதாரண வைத்தியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, மனநல வைத்திய அதிகாரிகளாக மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். 2008இல் அங்கொடை வைத்தியசாலையே தேசிய மனநல நிறுவகமாக மாறியது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலச் சேவை அமைப்பு, 27 சுகாதார மாவட்டங்களில் 20இல் வந்துவிட்டது.

இன்றைக்கு பெரியகல்லாற்றுக் குடும்பம் ஒன்றுக்கு மனநோய் வந்தால் கொழும்பு பஸ் ஏற வேண்டியதில்லை. மாவட்டத்துக்குள்ளேயே பார்க்கலாம். மட்டக்களப்பில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. குடியும் கடனும் இங்கேயும் குடும்பங்களை உடைக்கின்றன. கிளினிக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் கடல் கொண்டுபோன, யுத்தம் தின்ற ஒரு மாவட்டத்தில் செய்ய முடிந்த ஒன்றை, நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுக்கும் தோட்டங்களில் செய்ய முடியாது என்றால், அந்தப் பதிலை ஏற்க நாங்கள் தயாரில்லை.

ஏன் அதே வாசல்?

மனநல கிளினிக் ஒன்றைத் தனியாகக் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மூன்று காரணங்கள்.

முதலாவது, வெட்கம். தோட்டத்தில் யார் எங்கே போகிறார் என்பது பிரட்டுக்களத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறவ' என்ற பெயர் ஒரு பெண்ணுக்கு விழுந்தால், அவளது மகளின் கலியாணப் பேச்சு வரை அது போகும். பிரஷர் பார்க்கிற அதே அறைக்குள் போய்வந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, உடம்பும் மனசும் தனித்தனியாக நோயில் விழுவதில்லை. சீனி வியாதிக்காரருக்கு மனச்சோர்வு வந்தால் அவர் குளிசையை ஒழுங்காகப் போட மாட்டார். மனச்சோர்வு உள்ள தாய்க்குப் பால் கொடுக்கவும் பிள்ளையின் நிறையைக் கவனிக்கவும் தெம்பு இருக்காது. குடிக்கிறவருக்கு ஈரலும் கெடும், சம்பளமும் போகும், வீட்டில் அடியும் விழும். இதில் எது உடம்பு, எது மனசு என்று பிரித்து இரண்டு இடத்துக்கு அனுப்பினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும்.

மூன்றாவது, தொடர்ச்சி. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து உடனே வேலை செய்யாது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் பல மாதம் தொடர வேண்டும். கடும் மனநோய் என்றால் வருடக் கணக்கு. மாதம் ஒரு தடவை டவுனுக்குப் போய் வர ஒரு நாள் பேர் போகிறது. பஸ் காசு போகிறது. கூடப் போகிறவரின் பேரும் போகிறது. மூன்றாவது மாதம் யாரும் போவதில்லை. நான்காவது மாதம் நோய் திரும்பி வருகிறது. பிறகு "மருந்து எடுத்தும் சரிவரல" என்று சொல்லிக் கைவிடுகிறார்கள். உண்மையில் இங்கே தவறியது பஸ்ஸும் பேரும்தான்.

தோட்டம் ஏன் விடுபட்டது?

1912இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று அது வைத்தது. அது நமக்குக் கிடைத்த பாதுகாப்புதான். ஆனால் அதோடு ஒரு கேள்வியும் டிஸ்பென்சரிக்குள் வந்து உட்கார்ந்தது: இந்த ஆள் இன்றைக்கு வேலைக்கு லாயக்கா, இல்லையா? வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பிள்ளைப்பேறு, கத்திக் காயம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கும். பிள்ளையைப் பறிகொடுத்து ஆறு மாதமாகப் பேசாமல் கொழுந்து எடுக்கிற ஒரு தாய் அதற்குள் அடங்கமாட்டாள். அவள் வேலைக்கு வருகிறாள், கிலோவும் எடுக்கிறாள். எனவே கணக்கில் அவளுக்கு நோயில்லை.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை அரசாங்கம் எடுத்தது. மற்ற இடங்களில் டிஸ்பென்சரி இன்னமும் நிர்வாகத்தின் கீழேதான் இருக்கிறது. நாம் டொக்டர் ஐயா என்று கூப்பிடுகிற தோட்ட வைத்திய உதவியாளர் நல்ல மனுசராக இருக்கலாம். இரவு பகல் பாராமல் வருகிறவராகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். மருந்து வாங்கிக் கொடுப்பதும் தோட்டம். நாட்டின் மனநலக் கொள்கை அரச வைத்தியசாலைகள் வழியாகக் கீழே வருகிறது. அது தோட்ட எல்லைக் கல் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

இன்னொரு தடை மொழி. கை முறிந்தால் எக்ஸ்ரே பேசும். டொக்டருக்கு நமது மொழி தெரியாவிட்டாலும் எலும்பைப் பார்த்து வைத்தியம் செய்யலாம். மனசுக்கு எக்ஸ்ரே கிடையாது. நோயாளி சொல்லும் வார்த்தைதான் பரிசோதனை. "மனசு பாரமா இருக்கு", "வெறுமையா கெடக்கு", "உசிரு இருந்தும் இல்லாத மாதிரி இருக்கு" என்பதற்கெல்லாம் தனித்தனி அர்த்தம் உண்டு. டவுன் வைத்தியசாலை ஒன்றில் மகனையோ பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையோ மொழிபெயர்க்க வைத்து இதைப் பேசச் சொன்னால் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? தமிழில் கேட்டுத் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் அந்த அறையில் இருப்பது இந்த வைத்தியத்தின் ஒரு பகுதி.

நிபுணர் இல்லாமல் முடியுமா?

ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் ஒரு மனநல நிபுணரை யாராலும் அனுப்ப முடியாது. அது தேவையும் இல்லை. கோவாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 24 ஆரம்ப வைத்திய நிலையங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2010இல் வெளிவந்தது. உள்ளூர்ப் பெண்களை, வைத்தியப் படிப்பு இல்லாதவர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, கிளினிக்கிலேயே ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். மருந்து தேவைப்பட்டால் அங்கேயுள்ள டொக்டர் கொடுப்பார். நிபுணர் அவ்வப்போது வந்து மேற்பார்வை செய்வார். அரச நிலையங்களுக்கு வந்தவர்களில், மனச்சோர்வும் மனப்பதற்றமும் உறுதிப்படுத்தப்பட்டவர்களை ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தார்கள். ஆலோசகர் இருந்த இடத்தில் 100க்கு 66 பேர் குணமாகியிருந்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் நடந்த இடத்தில் 100க்கு 43 பேருக்கும் குறைவு.

ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில் ஹராரே நகரத்துக் கிளினிக் முற்றங்களில் ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல டொக்டர் 2006இல் தொடங்கிய வேலை அது. பயிற்சி பெற்ற பாட்டிமார் அந்த வாங்கில் உட்கார்ந்து, வருகிறவரின் பிரச்சினையைக் கேட்டு, அதில் எதை முதலில் தீர்க்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு, அந்த வாங்கில் உட்கார்ந்தவர்களின் நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்ததைக் காட்டியது. நமது லயங்களில் அப்படிப் பேசத் தெரிந்த பெரியம்மாமார் இல்லையா? இருக்கிறார்கள். பயிற்சியும், அந்த வேலைக்குச் சம்பளமும், உட்கார ஒரு கதிரையும்தான் இல்லை.

தோட்டத்தில் இது எப்படி நடக்கும்? பிரஷர் பார்க்கும்போதே எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "போன ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருந்துச்சா? வழக்கமா ஆசையா செய்யிற வேலையில ஆசையே இல்லாமப் போச்சா?" உலகம் முழுக்க ஆரம்ப வைத்திய நிலையங்களில் கேட்கிற கேள்விகள்தான் இவை. குடியைப் பற்றியும் அதே மாதிரி, குற்றம் சொல்லாமல் கேட்க வேண்டும். "ஆமா" என்று சொல்கிறவரைக் கதவைச் சாத்திவிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் கால் மணி நேரம் பேச வேண்டும். மருந்து வேண்டுமா என்று டொக்டர் பார்ப்பார். நோய் கடுமையென்றால் ஆதார வைத்தியசாலையிலுள்ள மனநல வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். பிறகு மாத மருந்து தோட்டத்துக்கே திரும்பி வர வேண்டும். கிளினிக் திகதியைத் தவறவிட்டவரின் பெயர் பதிவேட்டில் தெரிய வேண்டும். அந்த வாரமே ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கர்ப்பிணித் தாய் ஒருவர் கிளினிக்கைத் தவறவிட்டால் குடும்பநல மருத்துவிச்சி தேடி வருகிறார் அல்லவா? அந்த ஏற்பாடு இந்த நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. அதைத்தான் இதற்கும் கேட்கிறோம்.

சில மறுப்புகள்

"முதலில் சம்பளம், பிறகு மனசு" என்று சங்கத்துக்குள்ளேயே சில தோழர்கள் சொல்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த அன்றைக்கு வருகிற கவலைக்குக் குளிசை மருந்து அல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் நெருக்கடிக்கு ஆலோசகர் பதில் அல்ல. கம்பனி நாளைக்குச் சம்பளத்தைக் கூட்டாமல், "மன அமைதிப் பயிற்சி" ஒன்றை நடத்திப் படம் எடுத்துப் போட்டால், அதை நாம் ஏற்கப் போவதில்லை. ஆனால் சம்பளப் போராட்டம் முடியும் வரைக்கும் நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? மலேரியாவும் வறுமையால் பரவிய நோய்தான். வறுமை ஒழியட்டும் என்று யாரும் கொயினா கொடுக்காமல் இருக்கவில்லை. குடியில் விழுந்த தொழிலாளியாலும், மனம் உடைந்த தொழிலாளியாலும் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சம்பளமும் வைத்தியமும் ஒரே போராட்டத்தின் இரண்டு கோரிக்கைகள்.

"இது நோயில்லை, செய்வினை, கோயிலுக்குப் போனால் சரியாகும்" என்பது இன்னொரு பேச்சு. கோயிலுக்குப் போவதை நாங்கள் தடுக்கவில்லை. சாமி கும்பிட்டு ஆறுதல் கிடைத்தால் நல்லது. ஆனால் கட்டி வைப்பதும், அடிப்பதும், சாப்பாடு கொடுக்காமல் போடுவதும் வழிபாடு அல்ல. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். பக்கத்தில் போக ஒரு கிளினிக் இருந்திருந்தால் அவர்களில் பலர் அங்கே போயிருப்பார்கள். கோயிலும் கிளினிக்கும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை. மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

"தோட்ட டொக்டர் ஐயாவுக்கு இருக்கிற வேலையே அதிகம்" என்பது மூன்றாவது. அதுவும் உண்மைதான். அதனால்தான் அவர் தலையில் இன்னொரு மூட்டையை வைக்கச் சொல்லாமல், பயிற்சி பெற்ற இன்னொரு ஆளைக் கேட்கிறோம். இன்றைக்கு அந்த வருத்தங்களுக்கு மாதா மாதம் விட்டமின் எழுதிக் கொடுப்பதும் அவரது நேரத்தில்தான் போகிறது.

இரகசியம்

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. டிஸ்பென்சரியில் மனசைப் பற்றிச் சொன்ன சொல் ஒன்றும் ஒப்பீசுக்குப் போகக் கூடாது. துரை, கணக்குப்பிள்ளை, கங்காணி, சங்கத் தலைவர், பள்ளிக்கூட ஆசிரியர் யாருக்கும் அந்தப் பதிவேட்டைப் பார்க்க உரிமை இல்லை. மனநல மருந்து எடுக்கிறார் என்ற காரணத்தால் யாருடைய வேலையும், பதவியும், பேரும் போகக் கூடாது. இந்த உறுதி எழுத்தில் இல்லாவிட்டால் தொழிலாளி வாய் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது. தோட்டச் சுகாதாரம் கம்பனியிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு வர வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

உயிர் காக்கும் சிறிய காரியங்கள்

இலங்கையில் 1995ஐ ஒட்டிய காலத்தில் ஒரு இலட்சம் பேரில் 47 பேரளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பிறகு வந்த இருபது வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மிகக் கொடிய பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது இதற்கு முக்கிய காரணம். இதிலிருந்து ஒரு பாடம்: சாக வேண்டும் என்ற நினைப்பு பெரும்பாலும் சில மணி நேரத்துக் கொந்தளிப்பு. அந்த நேரம் கடந்துவிட்டால், பக்கத்தில் ஒருவர் இருந்தால், உயிர் மிஞ்சும். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழ்கிறார்கள். ஆகவே தோட்ட மருந்தடிப்பு இரசாயனம் எதுவும் லயத்துக்குள் வரக் கூடாது. ஸ்டோரில் பூட்டி, கணக்கு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கென்று மிச்சத்தைப் போத்தலில் கொண்டுவரும் பழக்கத்தைத் தோட்டக் கமிட்டிகள் நிறுத்த வேண்டும்.

தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து யாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம். அவசரத்துக்கு 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. இந்த இரண்டு இலக்கத்தையும் ஒவ்வொரு பிள்ளை மடுவத்திலும், கொழுந்து நிறுக்கிற இடத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஒருவர் "இனி வாழ்ந்து என்ன பயன்" என்று சொன்னால் கேலியாகவோ மிரட்டலாகவோ எடுக்காமல், நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் காண்பதும் இதோடு சேர்ந்ததுதான். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளையைக் கேட்டால், "அம்மா எழும்பவே மாட்டேங்குது டீச்சர், தம்பிய நாந்தான் பாக்கணும்" என்கிறது. தாய் வெளிநாட்டில், தகப்பன் தவறணையில், பிள்ளை பாட்டியிடம் என்று இன்னொரு வீடு. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் தவறினால் நாம் பிள்ளையைக் குறை சொல்கிறோம். தாய்க்கு டிஸ்பென்சரியில் ஒழுங்கான வைத்தியம் கிடைத்திருந்தால் பிள்ளை வகுப்பில் இருந்திருக்கும்.

நமது கோரிக்கைகள்

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் கீழே உள்ளவற்றைத் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

1. தோட்ட வைத்தியசாலைகளையும் டிஸ்பென்சரிகளையும் அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்கும்போது மனநலச் சேவையும் குடிப் பழக்கத்துக்கான சேவையும் அதில் முதல் நாளிலிருந்தே அடங்க வேண்டும்.

2. அது நடக்கும் வரை, மாவட்டத்து மனநல வைத்திய அதிகாரி மாதம் ஒரு நாளாவது தோட்டப் பகுதிக்கு வந்து, பிரஷர், சீனி கிளினிக் நடக்கும் அதே நாளில், அதே இடத்தில் பார்க்க வேண்டும்.

3. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் தமிழ் பேசும் இரண்டு பேரை, குறைந்தது ஒருவர் பெண்ணாக, தேர்ந்து பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். தொண்டு என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கக் கூடாது.

4. கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். கூடப் போகிற ஒருவருக்கும் அப்படியே. இதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

5. மாதாந்த மருந்து தோட்டத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

6. நோயாளியின் இரகசியத்துக்கு எழுத்தில் உறுதி வேண்டும்.

மட்டக்களப்புக்கு ஒரு சேவை பரவலாக வருவதற்கு யுத்தமும் சுனாமியும் தேவைப்பட்டன. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். அந்த மாதிரி ஒரு நாள் வந்து, நாடு திரும்பிப் பார்த்த பிறகுதான் நமக்கு வைத்தியம் என்றால், அந்த வைத்தியம் பிந்தி வருகிறது.

ஆகவே இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் தலைவிமாரும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் மனநோய்க்கு மருந்து எடுக்க எவ்வளவு தூரம் போக வேண்டும், போய்வர எத்தனை ரூபா, எத்தனை பேர் நட்டம், அங்கே தமிழில் பேச ஆள் உண்டா என்று நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் எதுவும் எழுத வேண்டாம். அந்தத் தாளை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எல்லாத் தோட்டத்துத் தாள்களையும் சேர்த்துக் கட்டி, பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரிடமும் கம்பனிகளிடமும் சங்கம் நேரில் கொடுக்கட்டும். கோரிக்கையோடு கணக்கும் சேர்ந்து போனால் அதைத் தட்டிக் கழிப்பது கடினம்.